ஆண் பார்வையும் பழைய திரில்லர் படங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்தில் சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் பழைய திரில்லர் படம் ஒன்றைப் பார்க்கிறோம். பேத்தியைக் கூட்டிக்கொண்டு வரும் பாட்டிமாரும் உண்டு, பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளும் உண்டு. படம் முடிந்ததும் டீ, முறுக்கு, அதன் பிறகு வாக்குவாதம். 'ஆண் பார்வை' என்று யாராவது வாயெடுத்தால் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. ஒவ்வொரு முறையும் தொண்டை வற்றப் பேசுவதைவிட எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது. கதை முடிவுகளை நான் மறைக்கவில்லை. எல்லாம் அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட பழைய படங்கள். இன்னும் பார்க்காதவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

ஆண் பார்வை என்றால் என்ன?

பிரிட்டனைச் சேர்ந்த திரைப்பட ஆய்வாளர் லாரா மல்வி 1975-இல் 'ஸ்கிரீன்' என்ற இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய கருத்து இது. ஒரு படம் ஓடும்போது மூன்று பார்வைகள் நடக்கின்றன என்றார் அவர். நடப்பதைப் பதிவு செய்யும் கேமராவின் பார்வை ஒன்று. அரங்கில் உட்கார்ந்திருக்கும் நம் பார்வை இன்னொன்று. படத்துக்குள் பாத்திரங்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பது மூன்றாவது. ஹாலிவுட் படம் முதல் இரண்டையும் மூன்றாவதற்குள் ஒளித்துவிடுகிறது. அந்த மூன்றாவது பார்வை பெரும்பாலும் கதாநாயகனுடையதாக இருக்கிறது. ஆகவே டிக்கெட் வாங்கி உள்ளே போனவர் ஆணோ பெண்ணோ, அவன் கண்ணில் ஏறி உட்கார்ந்துதான் படத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவன் பார்க்கிறான், கதையை நகர்த்துகிறான். அவள் பார்க்கப்படுகிறாள், கதையை நிறுத்தி வைக்கிறாள்.

பெண்களைக் கவர்ச்சியாகக் காட்டக் கூடாது என்பதுதானே இதன் சாரம்?

இல்லை. எங்கள் கூட்டத்தில் பாதி வாக்குவாதம் இந்தக் குழப்பத்தால்தான் வருகிறது. கழுத்துவரை போர்த்திய புடவையில் ஒரு பெண்ணைக் காட்டிவிட்டு, படம் முழுக்க அவளுக்கு எதுவும் தெரியாமலே வைத்திருக்க முடியும். உடையின் நீளத்தை அளந்தால் தணிக்கை அதிகாரி ஆகலாம், விமர்சகர் ஆக முடியாது. யார் கண் வழியாகப் பார்க்கிறோம், பார்த்ததால் யாருக்கு என்ன தெரியவருகிறது, பார்த்ததற்காக யார் அடி வாங்குகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

ஏன் திரில்லரை மட்டும் பிடித்துக்கொள்கிறீர்கள்?

திரில்லரில் பார்ப்பதும் அறிவதும் ஒன்று. காதல் படத்தில் ஒருவன் ஒருத்தியை உற்றுப் பார்த்தால் பாட்டு வரும். திரில்லரில் தடயம் கிடைக்கும், அல்லது பிணம் விழும். எந்தப் பார்வைக்கு என்ன விலை என்று கணக்குப் பார்க்க இதைவிட வசதியான வகை இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. நல்ல திரில்லர் இயக்குநருக்குத் தான் என்ன செய்கிறோம் என்பது தெரியும். ஆல்பிரட் ஹிட்ச்காக்குக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

'ரியர் விண்டோ'வை எல்லோரும் உதாரணம் காட்டுவது ஏன்?

1954-இல் வந்த ஹிட்ச்காக் படம். கால் முறிந்து மாவுக்கட்டோடு சக்கர நாற்காலியில் கிடக்கும் ஜெப் என்ற புகைப்படக்காரன் (ஜேம்ஸ் ஸ்டீவர்ட்) எதிர்க்கட்டடத்து ஜன்னல்களைப் பார்த்தே பொழுதைக் கழிக்கிறான். ஒரு வீட்டில் மனைவி காணாமல் போகிறாள். கணவன் கொன்றுவிட்டான் என்று ஜெப் சந்தேகிக்கிறான். சில ஷாட்டுகள் தவிர கேமரா அவன் அறையைவிட்டு வெளியே போவதே இல்லை. நகர முடியாமல், இருட்டில், எதிரே வெளிச்சச் சதுரங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். அரங்கில் நாம் இருக்கும் நிலையும் அதுதான்.

அவனைக் காதலிக்கும் லிசா (கிரேஸ் கெல்லி) நாகரிக உலகத்துப் பெண். அவள் பக்கத்திலேயே இருக்கும்வரை ஜெப்புக்கு ஜன்னல்தான் முக்கியம். அவள் எதிர்க்கட்டடத்துக்குத் துணிந்து போனதும், அதாவது அவளும் ஜன்னலுக்குள் ஒரு படமாக ஆனதும், அவனுக்கு அவள்மீது உயிர் வருகிறது. இதை மல்வி சரியாகவே பிடித்தார்.

ஆனால் அதே இடத்தில் நான் மல்வியோடு கொஞ்சம் முரண்படுவேன். கொலை செய்யப்பட்டவளின் திருமண மோதிரத்தைத் தேடித்தான் லிசா அந்த வீட்டுக்குள் நுழைகிறாள். கணவன் திரும்பி வந்துவிடுகிறான், பிறகு போலீஸும் வருகிறது. லிசா கைகளைப் பின்னால் கட்டியபடி நின்று, விரலில் போட்டுக்கொண்ட மோதிரத்தை மறு கையால் சுட்டி எதிர்வீட்டு ஜெப்புக்குக் காட்டுகிறாள். கொலைகாரன் அந்தச் சைகையைக் கவனிக்கிறான். அது யாருக்கு என்று தலையை நிமிர்த்துகிறான். நேராகக் கேமராவைப் பார்க்கிறான். அவ்வளவு நேரம் சுகமாக ஒளிந்திருந்த ஜெப்பும் நாமும் அந்த ஒரு ஷாட்டில் மாட்டிக்கொள்கிறோம். ஒவ்வொரு முறையும் எங்கள் கூட்டத்தில் யாராவது நாற்காலியில் பின்னால் சாய்வார்கள்.

கவனியுங்கள்: துப்புத் துலக்கியது யார்? வெளியூர் போகிறவள் தனக்குப் பிடித்த கைப்பையையும் நகைகளையும் விட்டுவிட்டுப் போகமாட்டாள் என்று முதலில் சொன்னவள் லிசா. ஜெப்பின் கையில் பெரிய லென்ஸ் இருந்தது. அதில் பார்த்ததற்கு அர்த்தம் அவள் வாயிலிருந்து வந்தது.

ஒரு பார்வையைக் கேமரா எப்படி உண்டாக்குகிறது?

மூன்று துண்டுகளை ஒட்டினால் போதும். ஒரு முகம், அது பார்க்கும் பொருள், மறுபடி அந்த முகம். ஹிட்ச்காக்கே இதைப் பேட்டிகளில் விளக்கியிருக்கிறார். முதலில் ஒரு மனிதன் பார்க்கிறான். அடுத்து குழந்தையோடு ஒரு தாய். பிறகு அவன் புன்னகைக்கிறான். நல்ல மனிதர் என்று நினைக்கிறோம். நடுத்துண்டை மட்டும் எடுத்துவிட்டு நீச்சலுடைப் பெண்ணை வையுங்கள். அதே புன்னகை, இப்போது ஆள் வேறு.

மூன்றாவது துண்டு யாருக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். பார்த்தவனின் முகத்துக்குத் திரும்பினால் அவன் மனம் நமக்குத் திறக்கிறது. பார்க்கப்பட்டவள் முகத்துக்குப் போகாவிட்டால், அவளுக்கு மனம் இருக்கிறதா என்றே நமக்குத் தெரியாது.

'வெர்டிகோ' ஒரு காதல் காவியம் என்கிறார்களே?

1958-இல் வெளிவந்தபோது வரவேற்பு சுமார்தான். 2012-இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் உலகின் சிறந்த படமாக முதலிடம் பிடித்தது. 2022-இல் அந்த இடத்தைப் பெல்ஜியத்தின் ஷாந்தால் அகெர்மான் இயக்கிய 1975-ஆம் ஆண்டுப் படம் எடுத்துக்கொண்டது. ஒரு பெண்ணின் சமையலறை நாட்களை அசையாமல் நின்று பார்க்கும் படம் அது. பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. இந்த இடமாற்றம் மட்டும் பிடித்திருந்தது.

'வெர்டிகோ'வின் முற்பாதியில் ஸ்காட்டி என்ற முன்னாள் துப்பறிவாளன், நண்பன் மனைவி என்று நம்பிய ஒருத்தியைக் காரில் பின்தொடர்கிறான். நாமும் கூடவே போகிறோம். அவள் வாய் திறப்பதற்கே நெடுநேரம் ஆகிறது. அவள் செத்துவிட்டாள் என்று நினைத்து நொறுங்கியவன், பிறகு அவளைப் போலவே இருக்கும் ஜூடி என்ற கடைப்பெண்ணைக் காண்கிறான். இரண்டும் ஒரே பெண், அந்த நண்பனிடம் கூலி வாங்கி அவன் மனைவியாக நடித்தவள். அவளைச் சாம்பல்நிற உடை வாங்கிக்கொடுத்து, தலைமுடிக்குச் சாயம் பூசவைத்து, கொண்டையைக்கூடப் பழையபடி போடச் சொல்லிச் செத்தவளாக மாற்றுகிறான்.

இந்த இடத்தில் எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியம்மா சொன்னதை விட்டுவிட மனமில்லை: "பெண் பார்க்க வந்தவன் மாதிரி இருக்கிறான்."

ஆனால் மாற்றம் தொடங்கும் முன்பே ஹிட்ச்காக் ஒன்று செய்துவிடுகிறார். ஜூடி தனியாக இருக்கும்போது கேமரா அவள் முகத்தில் நின்று, நடந்தது முழுவதையும் அவள் நினைவாகக் காட்டுகிறது. ஸ்காட்டிக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு அவன் பார்வையில் நிம்மதியாக உட்கார முடியாது. காவியம் என்று சொல்பவர்கள் இந்தக் காட்சியின்போது டீ குடிக்கப் போயிருப்பார்கள்.

ஹிட்ச்காக் பெண்களை வெறுத்தவரா, அவர்கள் பக்கம் நின்றவரா?

திரைப்பட ஆய்வாளர் டானியா மாட்லெஸ்கி 1988-இல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். படங்கள் இரண்டு பக்கமும் இழுபடுகின்றன. பெண்கள் மீது ஈர்ப்பும் பயமும் சேர்ந்தே ஓடுகின்றன. அவர்களுக்கு அதிகம் தெரிந்துவிடுவதுதான் அந்தப் பயத்தின் வேர் என்றார். எனக்கு இது ஒப்புக்கொள்ளத்தக்கது. 'தி பேர்ட்ஸ்' நடிகை டிப்பி ஹெட்ரன் தம்மை ஹிட்ச்காக் துன்புறுத்தியதாக 2016-இல் வெளியிட்ட நினைவுநூலில் எழுதியிருக்கிறார். அதைப் படியுங்கள். ஆனால் 1975-இல் மல்வி சொன்னதற்கு அந்தச் செய்தி தேவைப்படவில்லை. ஷாட்டுகளே போதுமானதாக இருந்தன.

பழைய படங்களில் கண்ணாடி போட்ட பெண்கள் ஏன் அழகற்றவர்கள்?

திரைப்பட ஆய்வாளர் மேரி ஆன் டோன் 1982-இல் இதைக் கவனித்து எழுதினார். கண்ணாடி போட்டவள் பார்க்கிறவள். பார்க்கிறவளைப் பார்த்து ரசிப்பது கடினம். ஆகவே கதை அவளைத் தண்டிக்கிறது, அல்லது கண்ணாடியைக் கழற்றச் சொல்லி அழகியாக்குகிறது. 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ டிரெயின்' (1951) படத்தில் மிரியம் கழுத்து நெரித்துக் கொல்லப்படுவதைக் கீழே விழுந்த அவள் மூக்குக்கண்ணாடியின் பிரதிபலிப்பில்தான் பார்க்கிறோம். அவள் பார்க்க வைத்திருந்த கருவியே அவள் சாவுக்குத் திரை. 'வெர்டிகோ'வில் ஸ்காட்டியின் தோழி மிட்ஜும் கண்ணாடிக்காரிதான். பழைய ஓவியத்தில் இருந்த பெண்ணுக்குத் தன் முகத்தை, கண்ணாடியோடு, வரைந்து காட்டுகிறாள். ஸ்காட்டி எழுந்து போய்விடுகிறான்.

பெண்ணின் பார்வையில் நகரும் பழைய திரில்லர் ஒன்றுகூட இல்லையா?

இருக்கின்றன, நிறைய. 'ரெபெக்கா' (1940), 'சஸ்பிஷன்' (1941), 'கேஸ்லைட்' (1944). கல்யாணம் ஆகி ஒரு பெரிய வீட்டுக்குள் போனவள் கணவனைச் சந்தேகிக்கிறாள். அவள்தான் பார்க்கிறாள், மாடிப்படி ஏறுகிறாள், பூட்டிய கதவைத் தொடுகிறாள். ஆனால் அவள் கண்டதை யாரும் நம்பமாட்டார்கள். நாளடைவில் அவளே நம்பமாட்டாள். 'கேஸ்லைட்'டில் விளக்கு மங்குவது உண்மை; உனக்குத்தான் புத்தி கலங்கிவிட்டது என்கிறான் கணவன். பார்வையைக் கொடுத்துவிட்டு நம்பிக்கையைப் பிடுங்கும் வித்தை இது. மாமியார் வீட்டில் வாழ்ந்த எவருக்கும் விளக்கவுரை வேண்டாம்.

'ரெபெக்கா'வில் செத்துப்போன முதல் மனைவியை ஒருமுறைகூடக் காட்டுவதில்லை. கணவன் அவள் இறந்த இரவைச் சொல்லும்போது, அவள் எழுந்து நடந்த இடமெல்லாம் கேமரா வெறும் அறையில் நகர்கிறது. காட்டாததால் அவளை யாராலும் அடக்க முடியவில்லை.

ஃபிராய்டை எல்லாம் இழுப்பது இன்று செல்லுமா?

மனதின் மறைவான ஆசைகளை ஆராயும் ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வை மல்வி ஓர் அரசியல் ஆயுதமாக எடுத்தார். ஆயுதம் பழையது. அதை ஒதுக்கிவைத்தாலும் மூன்று பார்வைகள் என்ற கணக்கு நிற்கிறது. பெண் பார்வையாளர்களைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை என்று கேட்டவர்களுக்கு 1981-இல் அவரே மறுபடி எழுதினார்.

தென்னாப்பிரிக்காவில் இருந்த நம் தாத்தா பாட்டிக்கு இதில் என்ன?

எனக்கு மிகவும் வேண்டிய கேள்வி இதுதான். மல்வியின் அரங்கில் ஆணும் பெண்ணும் மட்டுமே உட்கார்ந்திருக்கிறார்கள். டர்பன் அரங்குகளில் அப்படியா இருந்தது?

விக்டோரியா தெருவில் அவலோன், கிரே தெருவில் ஷா ஜஹான் என்று இந்தியர்களுக்கான பயாஸ்கோப்புகள் இருந்தன. அங்கே தமிழ்ப்படமும் இந்திப்படமும் ஓடின, ஹாலிவுட்டும் ஓடியது. வெள்ளையர் அரங்குகள் தனி. 1963-ஆம் ஆண்டுத் தணிக்கைச் சட்டம், ஒரு படத்தை இன்ன இனத்தார் மட்டும் பார்க்கலாம் என்று நிபந்தனை போடவும் வாரியத்துக்கு அதிகாரம் கொடுத்தது. கதாநாயகன் யாரைப் பார்க்கலாம் என்பதை இயக்குநர் முடிவு செய்தார். நாம் கதாநாயகனைப் பார்க்கலாமா என்பதை அரசு முடிவு செய்தது.

அந்த அரங்கில் ஒரு வெள்ளை நடிகையின் குளோசப் இருபதடி உயரத்தில் விரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1949-இல் கலப்புத் திருமணத்தைத் தடை செய்த நாடு இது. 1950-இல் வெள்ளையருக்கும் மற்றவருக்கும் இடையிலான உறவையே குற்றமாக்கியது. 1985-இல்தான் இரண்டும் நீக்கப்பட்டன. கதாநாயகனின் கண்ணில் ஏறி உட்காரும்படி படம் அழைக்கிறது. வெளியே தெருவில் அதே கண்ணோடு நிமிர்ந்து பார்த்தால் வம்பு. அந்த இந்திய ஆணை மல்வி சொன்ன ஆதிக்கப் பார்வைக்காரன் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியுமா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவியை, திரையில் இருப்பவளோடு தன்னை ஒன்றாக்கிக்கொண்டவள் என்று சொல்லிவிட முடியுமா?

அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் பெல் ஹுக்ஸ் 1992-இல் இந்த ஓட்டையைத்தான் அடைத்தார். அடிமைகள் நிமிர்ந்து பார்த்ததற்காகத் தண்டிக்கப்பட்டதிலிருந்து அவர் தொடங்குகிறார். வெள்ளைக்காரியோடும் ஒன்ற முடியாமல், அவளைப் பார்க்கும் ஆணோடும் ஒன்ற முடியாமல், கறுப்பினப் பெண்கள் தள்ளி நின்று எதிர்த்துப் பார்க்கக் கற்றார்கள் என்றார். கிரே தெருவில் படம் பார்த்த நம் பாட்டிமாரும் அப்படிப் பார்த்தவர்கள்தான் என்பது என் துணிபு. எங்கள் கூட்டத்தில் வயதானவர்கள் படத்தோடு பேசிக்கொண்டே பார்க்கிறார்கள்: "போகாதேடி, அவன் சரியில்லை", "இவளுக்கு வேறு வேலை இல்லையா?" இளையவர்கள் உஷ் என்கிறார்கள். உஷ் என்பவர்களைத்தான் நான் அடக்குவேன்.

தமிழ்த் திரில்லர்களுக்கு இந்தக் கோட்பாடு பொருந்துமா?

பொருந்தும் இடமும் உண்டு, முரண்டு பிடிக்கும் இடமும் உண்டு. எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்', 'ரியர் விண்டோ' வந்த அதே 1954-இல் வந்தது. பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சென்னையில் ரேடியோ என்ஜினீயர் ராஜன் (சிவாஜி கணேசன்) சுடப்பட்டுக் கிடக்கிறான். அண்டைவீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, மனைவி, காதலி என்று ஒவ்வொருவரும் தாம் கண்டதைச் சொல்கிறார்கள். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய் என்ற பழமொழிக்குப் படம் எடுத்தது போல் இருக்கும்.

பாருங்கள், இங்கே விசாரிக்கப்படும் பொருள் ஓர் ஆண். அவன் யார் என்ற மர்மத்தைத்தான் எல்லோரும் சுற்றி வருகிறார்கள். பகைநாட்டுக்கு உளவு சொன்ன அவனை வீழ்த்திய துப்பாக்கி, மனைவி உஷாவின் (பண்டரிபாய்) கையில் இருந்தது. ஹாலிவுட்டில் துப்பாக்கி பிடித்த பெண் பெரும்பாலும் ஆசைக்காரி. உஷாவோ நாட்டுக்காக நிற்கிறாள். ஆனாலும் அவள் பார்வை தனியாக நிற்க அனுமதி இல்லை. துப்பறியும் அதிகாரி முன்னால் ஒப்புவித்த பிறகே அது உண்மை ஆகிறது. தேசபக்தி என்ற முத்திரை இல்லாமல் அந்தக் காலத்தில் ஒரு மனைவி கணவன்மீது துப்பாக்கியை நீட்டியிருக்க முடியாது.

'புதிய பறவை' (1964) இன்னும் சுவையானது. 'வெர்டிகோ'வில் ஓர் ஆணை ஏமாற்ற ஒரு பெண் இன்னொருவன் மனைவியாக நடிக்கிறாள். 'புதிய பறவை'யில் கோபால் என்ற கொலைகாரக் கணவனைப் பிடிக்கப் போலீஸ் சார்பில் ஒருத்தி அவன் செத்துப்போன மனைவியாகவே வந்து நிற்கிறாள் (சௌகார் ஜானகி). காதலியாக வந்தவளும் (சரோஜாதேவி) போலீஸ்தான். கோபால் தன்னை ரசிகன் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு காட்சியிலும் இரண்டு பெண்கள் அவனைக் கண்காணித்துக்கொண்டிருந்தார்கள். மறுமுறை பார்க்கும்போது சரோஜாதேவியின் கண்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். வேறு படம் தெரியும். குறையும் சொல்லிவிடுகிறேன். செத்த மனைவி குடிப்பவள், ஊர் சுற்றுபவள் என்று காட்டிக் கணவன் அவளைச் சாகும்படி அறைந்ததற்குப் படம் பாதி மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிடுகிறது. பிடித்தவள் காதலால் அழுகிறாள். செத்தவளுக்காக அழ யாரும் இல்லை.

இதெல்லாம் மேற்கத்தியச் சரக்கு, நமக்கு எதற்கு அக்கா?

திருக்குறளில் குறிப்பறிதல் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள் தம்பி. "யான்நோக்கும் காலை நிலன்நோக்கும் நோக்காக்கால் தான்நோக்கி மெல்ல நகும்." பேசுகிறவன் ஆண். அவன் நேராகப் பார்க்கலாம்; அவள் தரையைத்தான் பார்க்க வேண்டும், பார்த்தாலும் திருட்டுத்தனமாக. யார் பார்க்கலாம் என்ற கணக்கு நம்மிடம் எப்போதும் இருந்திருக்கிறது. அவள் சிரிப்பதை அவன் கண்டுகொண்டதுதான் அந்தக் குறளின் அழகு என்பதையும் மறுக்கமாட்டேன்.

'சைக்கோ'வின் குளியலறைக் காட்சியைப் பற்றி?

எல்லோரும் கத்தியைப் பற்றிப் பேசுகிறார்கள். நீங்கள் அதற்கு முந்தைய நிமிடத்தைப் பாருங்கள். விடுதி நடத்தும் நார்மன் சுவரிலிருந்து ஓர் ஓவியத்தைக் கழற்றி, அதன் பின்னால் உள்ள துளை வழியாக, அங்கே தங்க வந்த மரியன் உடை மாற்றுவதைப் பார்க்கிறான். ஓவியத்தில் இருப்பது குளிக்கும் சூசன்னாவை ஒளிந்திருந்து பார்க்கும் முதியவர்களின் பைபிள் கதை. பக்கவாட்டில் அவன் கண் திரையை நிறைக்கிறது. கொலைக்குப் பிறகு மரியனின் உயிரற்ற கண் அதே அளவில் திரையை நிறைக்கிறது. 1960-இல் இந்த இரண்டு குளோசப்புகளையும் எதிரெதிரே வைத்த ஹிட்ச்காக் தன் குற்றப்பத்திரிகையைத் தானே எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்காக விடுதலை ஆகிவிட்டார் என்று சொல்லவில்லை.

ஆண்கள் குற்ற உணர்ச்சியோடுதான் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். முறுக்கை நகர்த்தி வையுங்கள், படத்தைப் பாருங்கள்.

வீட்டில் எப்படிப் பழகுவது, எந்தப் படத்தில் தொடங்குவது?

'அந்த நாள்', 'ரியர் விண்டோ' இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் 'சைக்கோ'வைத் தள்ளி வையுங்கள். 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) அதைவிடத் தள்ளி. முழுப்படத்தையும் ஆராய முயல வேண்டாம். ஐந்து நிமிடக் காட்சி ஒன்றை எடுத்து, ஒலியை அடக்கிவிட்டு ஓட்டுங்கள். இசை இருந்தால் அது உங்களுக்குப் பதில் சொல்லிவிடும். ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: யார் பார்க்கிறார், எதைப் பார்க்கிறார், பிறகு கேமரா யார் முகத்துக்குப் போகிறது. இரண்டாம் முறை ஒலியோடு ஓட்டி, பார்த்ததால் அவருக்கு என்ன நேர்ந்தது என்று பக்கத்தில் குறியுங்கள். தாளை ஒருவரே நிரப்பாமல் வீட்டில் ஆணும் பெண்ணும் ஆளுக்கொன்று தனித்தனியாக நிரப்பி, கடைசியில் ஒப்பிடுங்கள். இரண்டு தாளும் ஒன்றாக இருந்தால் யாரோ எட்டிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.